கூத்துக் கோப்புகளும் சிம்லிங்க்குகளும்: ஒரு டார் மூட்டை கட்டிய பதிவு

10,240 பைட். எங்கள் வாசிகசாலையின் மடிக்கணினியில் "கூத்து-முழுப்பிரதி" என்ற பெயரில் கிடந்த டார் கோப்பின் அளவு அது. டார் என்பது பல கோப்புகளை ஒரே மூட்டையாகக் கட்டும் லினக்ஸ் கட்டளை. காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு என்று ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா பக்கத் தோட்டங்களில் பிள்ளைகள் எடுத்துத் தந்த வீடியோக்கள், பழைய செக்ரோல் (தோட்டத் தொழிலாளர் பதிவேடு) புத்தகங்களின் ஸ்கேன், திருவிழாப் படங்கள் எல்லாம் சேர்ந்து 60 ஜிபிக்கு மேல் வரும். அதற்கு முழுப்பிரதி 10 கேபியாம். எங்களோடு வேலை செய்யும் தம்பிதான் முதலில் கவனித்தார். "அண்ணே, பைல் தெறக்குது. உள்ளுக்கு ஒன்னுமே இல்லையே."

ஒன்று இருந்தது. டார் கட்டளைக்கு டி, வி, எஃப் என்று மூன்று எழுத்தையும் சேர்த்துக் கொடுத்துப் பட்டியல் கேட்டபோது ஒரே வரி வந்தது. முதல் எழுத்து ஆங்கிலச் சின்ன எல். வரியின் கடைசியில் இப்படி:

கூத்து -> /ஊடகம்/வெளித்தட்டு/கூத்து

முன்பு பொறுப்பில் இருந்தவர் மடிக்கணினியில் இடம் போதாமல் சேகரிப்பை வெளி வன்தட்டுக்கு மாற்றிவிட்டு, பழைய இடத்தில் ஒரு சிம்லிங்க், அதாவது அசல் எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டும் குறிப்பு, வைத்திருக்கிறார். பிறகு யாரோ அந்தப் பெயரையே கொடுத்து டார் போட்டிருக்கிறார்கள். டார் சொன்னதைச் செய்தது. லிங்க்கை லிங்க்காகவே எடுத்து அடைத்தது. 60 ஜிபி வெளியிலேயே நின்றுவிட்டது.

அளவு ஏன் சரியாக 10,240 என்றால், டார் எதையும் 512 பைட் கட்டங்களாகத்தான் எழுதும். லினக்ஸில் இருக்கும் க்னூ டார் வழக்கமாக 20 கட்டங்களை ஒன்றாகச் சேர்த்தே வெளியே தள்ளும். உள்ளே ஒரு தலைப்புக் கட்டமும், முடிவைக் காட்டும் இரண்டு வெற்றுக் கட்டங்களும் மட்டும் இருந்தாலும் மீதியைப் பூச்சியத்தால் நிரப்பி 20 ஆக்கிவிடும். ஆகவே சுருக்காத டார் ஒன்று மொட்டையாக 10,240 பைட் காட்டினால், உள்ளே ஒரு லிங்க்கோ வெற்றுக் கோப்புறையோ ஒரு குட்டிக் கோப்போதான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இப்போது எந்தப் பழைய பிரதியைத் தூக்கினாலும் நான் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான்.

இந்த ஒன்றைத் தீர்ப்பது சுலபம். பெரிய சி சுவிட்சால் (சுவிட்ச் என்பது கட்டளையோடு சேர்க்கும் குறி) டாரை அந்தக் கோப்புறைக்குள் இறங்கச் சொல்லி, எதை அடைப்பது என்ற இடத்தில் ஒரு புள்ளி வைத்தால் போதும். லிங்க் வழியாக உள்ளே போய், அங்கிருப்பதை அடைக்கும். ஆனால் உள்ளே போனதும் அடுத்த வேலை காத்திருந்தது. அங்கே நூற்றுக்கணக்கில் லிங்க்குகள்.

சேகரிப்பின் அமைப்பைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். அசல் கோப்புகள் எல்லாம் "மூலம்" என்ற கோப்புறையில், ஆண்டு வாரியாக, அதற்குள் தோட்டப் பிரிவு வாரியாக இருக்கின்றன. அங்கே யாரும் கை வைப்பதில்லை. பக்கத்தில் "பார்வை" என்று இன்னொன்று. அதற்குள் கூத்தின் பெயர், தோட்டத்தின் பெயர், வாத்தியத்தின் பெயர் என்று பிரித்து வைத்திருப்பது முழுக்கச் சிம்லிங்க். மாசி மாதத்தில் ஓர் இரவு எடுத்த காமன் கூத்து வீடியோ கூத்துப் பட்டியலிலும் வரவேண்டும், டிக்கோயாப் பட்டியலிலும் வரவேண்டும், தப்பு அடிப்பதைப் பார்க்க வருகிறவருக்கும் அகப்பட வேண்டும். மூன்று கொப்பி வைக்க வன்தட்டு இடம் தராது. சிம்லிங்க் என்பது "மேல் லயத்துக் கடைசி வீட்டில் கேளுங்கள்" என்று எழுதிவைத்த துண்டு மாதிரி. துண்டில் வீடு இல்லை, விலாசம் மட்டும்தான்.

டார் அந்த விலாசத்தை எப்படி வைத்துக்கொள்கிறது என்பதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. 512 பைட் தலைப்புக் கட்டத்தில் 156ஆம் பைட்டில் ஓர் எழுத்து, இது என்ன வகை என்று சொல்லும். சாதாரணக் கோப்பு என்றால் 0, ஹார்ட் லிங்க் (ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர்) என்றால் 1, சிம்லிங்க் என்றால் 2, கோப்புறை என்றால் 5. அதையடுத்த 100 பைட் லிங்க்கின் விலாசத்துக்கு. சிம்லிங்க்குக்குக் கோப்பின் அளவு பூச்சியம், பின்னால் உள்ளடக்கக் கட்டமே வராது. விலாசத்தை டார் திருத்துவதும் இல்லை, சோதிப்பதும் இல்லை. கோப்பின் பெயரில் முன்னால் சாய்கோடு இருந்தால் அதை வெட்டிவிட்டு நமக்கும் ஒரு வரி சொல்லும். சிம்லிங்க்கின் விலாசத்தில் இருக்கும் முன் சாய்கோட்டை அப்படியே விட்டுவிடும்.

வினை இங்கேதான் விளைகிறது. எங்கள் பார்வைக் கோப்புறையில் இரண்டு விதமான லிங்க் இருந்தது. சில "../../மூலம்/" என்று தான் இருக்கும் இடத்திலிருந்து வழி சொல்பவை. சில "/ஊடகம்/வெளித்தட்டு/" என்று வேரிலிருந்து வழி சொல்பவை. முதல் வகை, சேகரிப்பை எங்கே கொண்டுபோய் அவிழ்த்தாலும் வேலை செய்யும். இரண்டாம் வகை அந்த மடிக்கணினியில், அந்த வன்தட்டு அதே பெயரில் பொருத்தியிருந்தால் மட்டும் வேலை செய்யும்.

பிரதி சரியா என்று சோதிக்கும்போது இந்த இரண்டாம் வகை அழகாக ஏமாற்றும். அதே கணினியில் வேறோர் இடத்தில் மூட்டையை அவிழ்த்துப் பார்த்தால் எல்லா வீடியோவும் ஓடும், எல்லாப் படமும் திறக்கும். ஏனென்றால் அவிழ்த்த லிங்க் புதுப் பிரதியைக் காட்டவில்லை, பழைய அசலைக் காட்டுகிறது. மூட்டைக்குள் மூலம் கோப்புறையே இல்லாவிட்டாலும் சோதனை "சரி" என்றுதான் சொல்லும். அதனால் நாங்கள் வெளித்தட்டைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டுத்தான் சோதிக்கிறோம். கழற்றாமல் செய்த சோதனையை நான் சோதனையாகவே கணக்கில் எடுப்பதில்லை.

கழற்றிய பிறகு, கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் கட்டளைக்கு எக்ஸ்டைப் என்ற சுவிட்சும் சின்ன எல்லும் கொடுத்தால் செத்த லிங்க் எல்லாம் வரிசையாக வரும். வெறும் டைப் என்று கொடுத்தால் உயிரோடு இருப்பதும் செத்ததும் சேர்ந்து எல்லா லிங்க்கும் வரும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். எங்களுக்கு வந்த பட்டியல் நீளம். தம்பி ஒவ்வொன்றாக அழித்துப் புதிதாகப் போடலாம் என்றார். மழைக்கால மாலையில் உட்கார்ந்து செய்ய நல்ல வேலைதான், ஆனால் அவசியம் இல்லை. சிம்லிங்க்ஸ் என்றே ஒரு சின்னக் கருவி இருக்கிறது, உபுண்டுவிலும் டெபியனிலும் அதே பெயரில் நிறுவலாம். தட்டைத் திரும்பப் பொருத்திவிட்டு, சின்ன ஆர், சின்ன சி இரண்டு சுவிட்சும் கொடுத்து ஓட்டினால் உள்ளே இறங்கி இறங்கி, வேரிலிருந்து வழி சொல்லும் லிங்க்குகளைத் தன் இடத்திலிருந்து வழி சொல்பவையாக மாற்றும். ஒரே கோப்புமுறைக்குள் இருப்பதை மட்டும்தான் மாற்றும். வேறு தட்டைக் காட்டுவதைத் தொடாது. அது எங்களுக்கு வசதியாகவே போயிற்று. இனிப் புதிதாக லிங்க் போடுகிறவர்களுக்கு எல்என் கட்டளையில் எஸ்-ஓடு ஆர்-உம் சேர்த்துப் போடச் சொல்லி, மடிக்கணினி மூடியில் எழுதி ஒட்டியிருக்கிறோம். ஆர் இருந்தால் வழியைத் தானே கணக்குப் போட்டு எழுதிக்கொள்ளும்.

மீதி இருந்தவை உண்மையிலேயே சேகரிப்புக்கு வெளியே போகும் லிங்க்குகள். மடிக்கணினியின் டவுன்லோட் கோப்புறையில் கிடந்த சில ஒலிப்பதிவுகள், இன்னொருவரின் கணக்கில் இருந்த படங்கள். இவற்றுக்கு டாரின் சின்ன எச் சுவிட்ச் நினைவுக்கு வரும். அதைப் போட்டால் டார் லிங்க்கைப் பின்தொடர்ந்து போய் உண்மைக் கோப்பையே அடைக்கும். ஆனால் எச் என்றால் எல்லாவற்றுக்கும் எச்தான். உள்ளே இருக்கும் நல்ல லிங்க்கையும் அது விட்டுவைக்காது. பார்வைக் கோப்புறை முழுவதும் கோப்புகளாக மாறிவிடும், நாங்கள் பார்த்துப் பார்த்துப் பிரித்து வைத்த அடுக்கு போய்விடும். செத்த லிங்க் ஒன்று குறுக்கே வந்தால் அதை அடைக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டு, கடைசியில் பிழைக்குறியோடுதான் முடியும். மேலே பார்க்கும் லிங்க் ஒன்று சுற்றி வந்து தன் தாய்க் கோப்புறையையே காட்டினால் இன்னும் சிக்கல். எச் போடுவதற்கு முன் ஃபைண்டைப் பெரிய எல்லோடு ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். சுற்று இருந்தால் "ஃபைல் சிஸ்டம் லூப் டிடெக்டட்" என்று பெயரோடு சொல்லிவிடும்.

எங்களுக்குத் தேவைப்பட்ட நடுவழி, பிரதி எடுக்கும் கருவியான ஆர்சிங்கில் இருந்தது. வழக்கமான சின்ன ஏ-யோடு காப்பி-அன்சேஃப்-லிங்க்ஸ் என்ற நீளச் சுவிட்சைச் சேர்த்தால், சேகரிப்புக்கு உள்ளேயே சுற்றும் லிங்க்கை லிங்க்காக விடும். வெளியே போகும் லிங்க்குக்குப் பதிலாக உண்மைக் கோப்பைக் கொண்டுவந்து வைக்கும். ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேரிலிருந்து வழி சொல்லும் லிங்க் எதுவானாலும், அது உள்ளேதான் பார்க்கிறது என்றாலும், ஆர்சிங் அதை வெளியே போவதாகவே கருதும். அதனால்தான் சிம்லிங்க்ஸ் கருவியை முதலில் ஓட்டியது. வரிசை மாறினால் பார்வைக்குள் வீடியோக்கள் இரட்டை இரட்டையாக வந்து உட்காரும்.

இப்படி இன்னொரு வன்தட்டில் ஒரு சுத்தமான பிரதி உருவானது. அதிலிருந்து எச் இல்லாமல் டார். எங்கள் சொந்தக் காப்புக்கு அது போதும். அந்தத் தட்டும் லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்புமுறையில், அவிழ்ப்பதும் லினக்ஸில்.

கண்டியில் இருக்கும் அக்காவுக்கு அனுப்புவது வேறு கதை. அவர் ஆசிரியை, சேகரிப்பின் இரண்டாவது பிரதியைத் தன் வீட்டில் வைத்துக்கொள்கிறவர். அவரிடம் இருப்பது விண்டோஸ். மழை பிடித்தால் இங்கே இணையத்தின் வேகம் தெரிந்ததுதான், 60 ஜிபி மேலேற்றுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கண்டி பஸ்ஸில் போகிறவர் கையில் பென் ட்ரைவைக் கொடுத்தனுப்புவதுதான் வழக்கம். பென் ட்ரைவ் எக்ஸ்ஃபேட் என்ற கோப்புமுறையில் இருப்பது. எக்ஸ்ஃபேட்டுக்கும் சரி, பழைய ஃபேட்32க்கும் சரி, சிம்லிங்க் என்ற ஒன்றே கிடையாது. அங்கே நேராக அவிழ்க்கப் பார்த்தால் ஒவ்வொரு லிங்க்குக்கும் "ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்" என்று ஒரு வரி ஓடும்.

சரி, அக்காவுக்கு மட்டும் எச் போட்டே கட்டலாம் என்று பார்த்தோம். மூட்டையின் அளவு மூன்று மடங்காகும் என்று எதிர்பார்த்தால், கிட்டத்தட்ட அதே 60 ஜிபியில் நின்றது. தம்பிக்குச் சந்தோஷம். எனக்குச் சந்தேகம். பட்டியலைப் போட்டுப் பார்த்தால் பார்வைக்குள் இருந்த வரிகள் சின்ன எச் எழுத்தில் தொடங்கின. க்னூ டார் எச் போட்டு அடைக்கும்போது, ஒரே கோப்பை இரண்டாம் முறை சந்தித்தால் அதைத் திரும்ப எழுதாது. முன்பு எழுதியதற்கு ஒரு ஹார்ட் லிங்க் என்று குறித்துவிட்டுப் போகும். இடம் மிச்சம்தான். ஆனால் எக்ஸ்ஃபேட்டுக்கு ஹார்ட் லிங்க்கும் தெரியாது. அவிழ்த்தால் மறுபடியும் அதே பல்லவி. இதைத் தடுக்க எச்சோடு ஹார்ட்-டிரெஃபரன்ஸ் என்ற நீளச் சுவிட்சும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் உண்மையிலேயே ஒவ்வோர் இடத்திலும் முழுக் கோப்பு விழும், அளவும் உண்மையிலேயே ஏறும்.

எவ்வளவு ஏறும் என்று முன்கூட்டியே அறிய, அளவைக் கூட்டிச் சொல்லும் டியூ கட்டளைக்குப் பெரிய எல் கொடுத்தால் போதாது. அதுவும் ஒரே கோப்பை ஒரு தடவைதான் எண்ணும். சின்ன எல்லையும் சேர்த்துக் கொடுத்தால்தான் வந்தபோதெல்லாம் எண்ணிக் கூட்டும். எங்களுக்கு வந்த தொகை பென் ட்ரைவின் கொள்ளளவைத் தாண்டியது.

கடைசியில் அக்காவுக்கு நாங்கள் அனுப்பியது மூலம் கோப்புறை மட்டும். அதோடு ஓர் எழுத்துக் கோப்பு. ஃபைண்டுக்கு டைப் எல், அதன் பின் பிரின்ட்எஃப் கொடுத்து, சதவீதக் குறியோடு சின்ன பி-யும் சதவீதக் குறியோடு சின்ன எல்லும், கடைசியில் பின்சாய்கோட்டோடு சின்ன என்-உம் போட்டால், லிங்க்கின் பெயரும் அது காட்டும் விலாசமும் வரி வரியாக வரும். அதை ஒரு கோப்பில் பிடித்து "பட்டியல்" என்று பெயர் வைத்தோம். காமன் கூத்து எங்கெங்கே இருக்கிறது என்று அக்கா அதில் தேடிக்கொள்ளலாம். எனக்கென்னவோ விண்டோஸுக்குப் போகும் சேகரிப்புக்கு இதுதான் நேர்மையான வழி என்று படுகிறது. லிங்க்கைக் கோப்பாக்கி அனுப்பினால், பிறகு எது அசல் எது நிழல் என்று அவருக்கும் தெரியாது, திரும்ப வாங்கும்போது நமக்கும் தெரியாது.

ஜிப்பைப் பற்றிக் கேட்பார்கள். லினக்ஸில் வழக்கமாக இருக்கும் இன்ஃபோ-ஜிப் கட்டளை டாருக்கு நேர் எதிர். சும்மா விட்டால் லிங்க்கைப் பின்தொடர்ந்து கோப்பை அடைக்கும், லிங்க்கை லிங்க்காக வைக்க சின்ன ஒய் வேண்டும். ஒய் போட்டுக் கட்டியதை விண்டோஸின் சொந்த ஜிப் வசதியால் அவிழ்த்தால், வீடியோ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு விலாசத்தை மட்டும் உள்ளே கொண்ட குட்டிக் கோப்பு உட்கார்ந்திருக்கும். "வீடியோ கெட்டுப்போச்சு" என்று தொலைபேசி வந்தால் முதலில் அதைச் சந்தேகிக்கலாம்.

தமிழில் கோப்புறைப் பெயர் வைக்கிறவர்களுக்கென்றே ஒன்று இருக்கிறது. தலைப்புக் கட்டத்தில் லிங்க் விலாசத்துக்கு 100 பைட் என்றேன் அல்லவா? ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனியாக மூன்று. எங்கள் லிங்க் ஒன்றைப் பாருங்கள்:

இரவு -> ../../மூலம்/2019/மேல்பிரிவு/காமன்கூத்து/இரவு

கண்ணுக்குச் சின்ன வழிதான். எல்எஸ் கட்டளை இந்த லிங்க்கின் அளவாகக் காட்டுவது 104, ஏனென்றால் லிங்க்கின் அளவு என்பது அதன் விலாசத்தின் நீளம். தமிழ்க் குறிகள் 30, அதற்கு 90 பைட். புள்ளி, சாய்கோடு, ஆண்டு எண் எல்லாம் சேர்ந்து 14. 100ஐத் தாண்டிவிட்டது. க்னூ டாரின் வழக்கமான வடிவத்தில் கவலை இல்லை. நீளமான விலாசத்தைத் தனியாக ஒரு கட்டத்தில் எழுதி முன்னால் வைத்துக்கொள்ளும். பாக்ஸ் என்ற டார் வடிவத்திலும் இந்தத் தடை இல்லை. ஆனால் "எல்லாக் கணினியிலும் திறக்கட்டும்" என்று யாராவது பழைய யுஸ்டார் வடிவத்தைக் கேட்டால், இந்த லிங்க் முழுதாக மூட்டைக்குள் போகாது. திரையில் ஓர் எச்சரிக்கை வரி ஓடும், அவ்வளவுதான். நீளமான கோப்புப் பெயரைச் சாய்கோட்டில் பிரித்து இரண்டு இடத்தில் வைக்க யுஸ்டாருக்கு வழி உண்டு. லிங்க் விலாசத்துக்கு அந்த வசதி கிடையாது. தமிழ்ப் பெயர்களை விடச் சொல்லவில்லை, வடிவத்தை மாற்றுங்கள் என்கிறேன்.

அவிழ்க்கும் பக்கத்தில் ஒரு விசயம் எங்களை நன்றாகக் குழப்பியது. சொந்தக் காப்பை வேறொரு கணினியில் அவிழ்த்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. அந்தக் கணினிக்கு பேட்டரி இல்லை. திரும்பி வந்து பார்த்தால் பார்வைக்குள் ஒரு லிங்க்கும் இல்லை. அந்தப் பெயர்களிலெல்லாம் பூச்சியம் பைட் கோப்புகள், திறக்கவும் அனுமதி இல்லை. மூட்டையே பழுது என்று தம்பி முடிவுகட்டிவிட்டார். பழுது இல்லை. வேரிலிருந்து வழி சொல்லும் லிங்க்கையும், இரட்டைப் புள்ளியால் மேலே ஏறும் லிங்க்கையும் க்னூ டார் உடனே உருவாக்காது. அந்த இடத்தில் ஒரு வெற்றுக் கோப்பை இடம்பிடிக்க வைத்துவிட்டு, மற்றதெல்லாம் அவிழ்ந்த பிறகு கடைசியில்தான் உண்மையான லிங்க்கைப் போடும். கெட்ட எண்ணத்தோடு கட்டிய மூட்டை ஒன்று, முதலில் வெளியே காட்டும் லிங்க்கை வைத்து, அடுத்த கோப்பை அந்த லிங்க் வழியாக நம் கணினியின் வேறு இடத்தில் எழுதிவிடக் கூடாது என்பதற்கான காவல் அது. எங்கள் லிங்க்குகள் எல்லாமே இரட்டைப் புள்ளியில் தொடங்குவதால் அத்தனையும் கடைசிவரை காத்திருந்திருக்கின்றன. திரும்ப ஒருமுறை முழுதாக அவிழ்த்தால் சரியாகிவிடும். நாமே கட்டிய மூட்டைதான் என்ற நம்பிக்கை இருந்தால் பெரிய பி சுவிட்ச் கொடுத்து, லிங்க்கை உடனுக்குடன் போடச் சொல்லலாம். மற்றவர்கள் அனுப்பும் மூட்டைக்கு நான் அதைக் கொடுப்பதில்லை. முதலில் பட்டியலைப் போட்டு, எல் எழுத்தில் தொடங்கும் வரிகள் எங்கே காட்டுகின்றன என்று பார்த்த பிறகுதான் அவிழ்ப்பது.

இப்போது மூட்டை கட்டும்போது கட்டளையில் முதல் பெயராகப் "பட்டியல்" கோப்பைக் கொடுக்கிறோம், அடுத்துப் பார்வை, கடைசியில் மூலம். டார் கொடுத்த வரிசையிலேயே எழுதும். அவிழ்க்கும்போது அக்கரன்ஸ் என்ற சுவிட்சோடு பட்டியலை மட்டும் கேட்டால், முதலில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு அங்கேயே நிறுத்திவிடும். இல்லாவிட்டால் அதே பெயர் இன்னொரு முறை வருமோ என்று மூட்டையின் கடைசிவரை தேடிப் போகும்.